'நிற்க' என்னும் சொல்: புலம்பெயர்ந்தோர் குடும்ப மடல்கள்

கடித இலக்கியத்தை ஆராய்வோர் அறிஞர் ஒருவர்க்கொருவர் வரைந்த மடல்களையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வர். எழுத்தறியா மக்கள் பிறரைக் கொண்டு எழுதுவித்த குடும்ப மடல்களை 'வெறும் வாய்பாடு' எனத் தள்ளுவாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கினை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வாம்.

இன்று தேனி மாவட்டத்துள் அடங்கும் இந்நிலப்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. பெரியாற்று அணை நிறைவுற்றது 1895இல் ஆகும். அதற்கு முன்னர், 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. பிழைப்பு நாடினோர்க்கு மேற்கே போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாகத் திருவிதாங்கூர் மலைகள் இருந்தன. கடல் கடந்தால் இலங்கைத் தோட்டங்கள் இருந்தன.

பொருள்வயிற் பிரிவு தமிழ் மரபுக்குப் புதிதன்று. எனினும் சங்கத் தலைவன் பருவம் குறித்துப் பிரிவான்; குறித்த பருவத்தில் மீள்வான் என்பது தலைவியின் நம்பிக்கை. இலங்கையில் காப்பி விளைந்த காலத்துப் பிரிவு ஓரளவு இதனை ஒத்தது. ஆடவரே பெரும்பாலும் சென்று, அறுவடை முடிந்தபின் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. ஆண்டு முழுதும் கொழுந்து தரும் தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆதலின் பிரிவுக்கும் பருவம் இல்லாதாயிற்று. குடும்பத்தோடு சென்றவர் ஆண்டே தங்கினர். கணவன் மனைவியர்க்கு இடைப்பட்ட மடல், பெற்றோர் மக்களுக்கு இடைப்பட்ட மடலாக மாறியது.

இனி, மடலின் அமைப்பை நோக்குவாம். 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்; அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும்' என்பது தொடக்கம். அடுத்து 'நிற்க' என்னும் ஒரு சொல். அதன் பின்னரே பணம், நோய், கடன், திருமணம் முதலிய செய்திகள் வரும்.

இம்மடலைச் சொல்பவர் ஒருவர், எழுதுபவர் மற்றொருவர், ஊரில் படித்துக் காட்டுபவர் வேறொருவர். கேட்பாரோ தெருவினர் பலர். 1879இல் காலணா அஞ்சலட்டை இந்தியாவில் வந்தபின் உறை என்னும் மறைப்பும் நீங்கியது. இந்நிலையில் மனத்துயரை வெளிப்படக் கூறுதல் யாங்ஙனம் இயலும்? வாய்பாடு ஈண்டு வறுமையன்று, காப்பு ஆகும். பலர் முன்னிலையில் படிக்கப்படினும் இழுக்குத் தாராத சொற்களை அது ஏழைக்கு வழங்கிற்று.

'நிற்க' என்பதோ அக்காப்பின் வாயில். நலம் எனக் கூறிய வாயே, அச்சொல்லைக் கடந்ததும் நலமின்மையைக் கூறத் தொடங்குகின்றது. இரண்டிற்கும் இடைப்பட்ட முரணே இம்மடல்களின் சுவை என யாம் கருதுகின்றோம். வாய்பாட்டைத் தவிர்த்துச் செய்தியை மட்டும் படிப்பார்க்கு இது புலனாகாது.

எல்லா மடல்களும் இத்தகுதி உடையன என்பது எம் கருத்தன்று. பணத்தொகையும் கையொப்பமும் அன்றி வேறில்லாதனவும் உண்டு. எனினும் ஊர்ப் பெட்டிகளில் எஞ்சிய மடல்களைப் பதிப்பிக்க முற்படும் மாணவர்க்கு யாம் கூறுவது ஒன்று. தொடக்க வரிகளை 'வழக்கமான முகமன்' என விட்டுவிடற்க. எழுதுவித்தவரின் மானம் அவ்வரிகளில்தான் தங்கியுள்ளது.