மறுக்கப்பட்ட சாட்சியங்கள்: ஃபான் ப்ரோடியின் வாழ்க்கை வரலாற்று நூல்கள்

ஃபான் ப்ரோடி (1915–1981) எழுதிய வாழ்க்கை வரலாறுகளில் நான்கு அமெரிக்கர்களைப் பற்றியவை. மார்மன் சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித், அடிமை முறையை ஒழிக்கப் போராடிய தாடியஸ் ஸ்டீவன்ஸ், மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெபர்சன், வாட்டர்கேட்டில் வீழ்ந்த ரிச்சர்டு நிக்சன். நால்வரிடமும் அவர் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: இந்த மனிதர் எதை மறைத்தார், அதை அறிந்தவர்கள் சொன்னபோது யாரும் ஏன் நம்பவில்லை?

அந்தக் கேள்வி அவருக்குச் சொந்த வீட்டிலிருந்தே தொடங்கியது. யூட்டா மாநிலத்தின் செல்வாக்குள்ள மார்மன் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெரியப்பா டேவிட் மெக்கே பின்னாளில் மார்மன் சபைக்கே தலைவரானார். ஜோசப் ஸ்மித்தைப் பற்றிய நூல் 1945இல் வெளிவந்தபோது ப்ரோடிக்கு வயது முப்பதுதான். வரலாற்றுத் துறையில் பட்டமோ பதவியோ கிடையாது. சபையின் நிறுவனர் பல பெண்களை மணந்தார் என்று வாதிட்டு, நாற்பத்தெட்டுப் பெயர்கள் கொண்ட பட்டியலையே பின்னிணைப்பாகத் தந்தார். மறு ஆண்டே சபை அவரை விலக்கியது. 2014இல் அதே சபை, ஸ்மித்துக்குப் பல மனைவியர் இருந்ததைத் தன் வெளியீட்டிலேயே ஒப்புக்கொண்டது.

1959இல் வந்த ஸ்டீவன்ஸ் நூல் இன்று அதிகம் பேசப்படுவதில்லை, அது வருத்தத்துக்குரியது. தென் மாநிலங்கள்மீது பழியுணர்ச்சி கொண்ட வில்லனாகத் திரைப்படம் வரை சித்திரிக்கப்பட்ட ஒருவருக்கு அரசியல் மதிப்பை மீட்டுத் தந்த நூல்களில் அதுவும் ஒன்று.

ப்ரோடியின் பெயர் நிலைத்தது 1974இல் வந்த ஜெபர்சன் நூலால்தான். ஜெபர்சனின் மாண்டிசெல்லோ பண்ணையில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ், அவருடைய காலஞ்சென்ற மனைவிக்கு ஒரே தந்தை வழியில் சகோதரி. சாலியின் பிள்ளைகளுக்குத் தந்தை ஜெபர்சனே என்ற பேச்சு 1802 முதல் அச்சில் இருந்தது. 1873இல் சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ், ஒஹையோ மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் அதைத் தன் வாயாலேயே சொன்னார். வரலாற்றாளர்கள் அதை அடிமை ஒழிப்பாளர்களின் பிரச்சாரமாகக் கருதி ஒதுக்கினார்கள். ஆறு தொகுதிகளில் ஜெபர்சன் வாழ்க்கையை எழுதிய டூமாஸ் மலோனும் அப்படியே செய்தார். ஜெபர்சனின் வெள்ளைப் பேரப்பிள்ளைகள், அவருடைய சகோதரியின் மகன்களான கார் சகோதரர்கள் மீது பழியைப் போட்டிருந்தார்கள். அந்தச் சொல் மட்டும் வரலாற்றாளர்களுக்கு நம்பத்தக்கதாகத் தெரிந்தது.

ஆனால் ஜெபர்சன் எப்போது எங்கே இருந்தார் என்ற கால அட்டவணையை மலோன் அளவுக்குத் துல்லியமாக யாரும் தொகுத்ததில்லை. அதைச் சாலியின் பேறுகாலங்களோடு ஒப்பிட்ட விந்த்ரோப் ஜோர்டன், ஒவ்வொரு பிள்ளையும் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு ஜெபர்சன் மாண்டிசெல்லோவில் இருந்ததை 1968இல் எழுதினார். ப்ரோடி அதனோடு மேடிசனின் கூற்றைச் சேர்த்து, அதை முழுமையாகவே தன் நூலில் அச்சிட்டார். மறுத்தவர் சேகரித்த தரவும் மறுக்கப்பட்டவர் சொன்ன சாட்சியமும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. நூல் பரவலாக விற்றது. ஜெபர்சன் ஆய்வாளர்களோ அவர்மீது பாய்ந்தார்கள்.

பாய்ந்ததில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. உளவியல் வழியில் மனிதரை வாசிக்கும் ஆசை ப்ரோடியைப் பலமுறை வழிதவறச் செய்தது. 1788 பயணக் குறிப்பில் ஜெபர்சன் மண்ணின் நிறத்தைக் குறிக்க, கலப்பினத்தவரைச் சுட்டும் சொல்லையே பயன்படுத்தியதைச் சாலி மீதான காதலின் அறிகுறியாகக் கண்டார். அக்காலத்தில் மண்ணை வருணிக்க அந்தச் சொல் வழக்கில் இருந்தது என்று விமர்சகர்கள் காட்டியபோது அந்த வாதம் நிற்கவில்லை.

அவர் எங்கே வென்றார், எங்கே தோற்றார் என்பதை மரபணுச் சோதனையே அளந்து காட்டியது. 1998இல் வெளியான முடிவின்படி, சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வழித்தோன்றலுடைய ஆண்வழி மரபணு, ஜெபர்சன் குடும்பத்தின் மரபணுவோடு ஒத்திருந்தது. கார் சகோதரர்களின் வழியோடு ஒத்துப்போகவில்லை. ஜெபர்சன் குடும்பத்து ஆண்களில் யார் என்பதை அந்தச் சோதனையால் மட்டும் சொல்ல முடியாது. மற்ற ஆவணங்களையும் சேர்த்து ஆராய்ந்த மாண்டிசெல்லோ அறக்கட்டளை, 2000இல் தாமஸ் ஜெபர்சனே தந்தையாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று முடிவுசெய்தது. ஆனால் ஸ்மித் நூலில் ஆலிவர் புயெல் என்பவரை, புகைப்படத்தில் தெரிந்த முகச்சாயலையும் துணையாகக் கொண்டு, ஸ்மித்தின் மகனாக இருக்கலாம் என்று ப்ரோடி வாதிட்டிருந்தார். பின்னர் நடந்த சோதனை அதைப் பொய்யாக்கியது. ஒன்றில் தேதிகளும் ஒரு மகனின் வாக்குமூலமும் இருந்தன. மற்றொன்றில் முகச்சாயலுக்குத் தகுதிக்கு மீறிய இடம் தரப்பட்டிருந்தது.

நிக்சன் நூலில் ஊகத்தை அதிகம் நம்பும் பலவீனம் மேலோங்கிவிட்டது. புற்றுநோயோடு போராடிக்கொண்டே அதை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1981இல் அது வெளிவந்தது. உழைப்பு அபாரமானது. ஆனால் நிக்சன்மீது அவருக்கிருந்த வெறுப்பு, மற்ற மூவருக்கும் அவர் அளித்த பொறுமையை இவருக்கு அளிக்கவிடவில்லை.

ப்ரோடி தொடங்கியதை உளவியல் ஊகமின்றிச் செய்தவர் சட்டம் படித்த ஆனட் கார்டன்-ரீட். 1997இல், மரபணு முடிவு வருவதற்கு முந்தைய ஆண்டே வெளிவந்த நூலில், அவர் மலோன் முதலியோரின் வாதங்களை நீதிமன்றத்தில் சாட்சிகளை எடைபோடுவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். அடிமையின் சொல்லுக்கு ஓர் அளவுகோல், எஜமானர் குடும்பத்தின் சொல்லுக்கு வேறு அளவுகோல் என்ற வழக்கத்தை அம்பலப்படுத்தினார். 2008இல் வெளிவந்த அவருடைய மற்றொரு நூலின் மையத்தில் ஜெபர்சன் இல்லை. பல தலைமுறைகளாக அடிமைகளாக வாழ்ந்த ஹெமிங்ஸ் குடும்பத்தின் வாழ்க்கை வரலாறு அது. அதற்கு மறு ஆண்டு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.