சாய்வாக எறிந்தால் உந்தம் எங்கே போகிறது?

சிவகங்கைச் சீமையின் எறி ஆயுதமான வளரியைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்களில் ஜேம்ஸ் வெல்ஷ் முக்கியமானவர். 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிரான போரில் கிழக்கிந்தியக் கும்பினிப் படையோடு வந்தவர். அதற்கு முன்பே அந்தச் சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றவர். தேர்ந்த கை நூறு கஜத்துக்குள் குறி தப்பாமல் வளரியை வீசும் என்று, 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். அப்படி ஓர் எறியைச் சொல்லி, பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: வளரி முன்னே பறந்தது, எறிந்தவர் ஏன் பின்னே போகவில்லை? குண்டு முன்னே போனால் துப்பாக்கி பின்னே உதைக்கும் என்று ஒப்பிக்கும் பிள்ளை, இந்தக் கேள்விக்கு விழிக்கும்.

பிள்ளையின் மேல் குற்றமில்லை. உந்த அழிவின்மை விதியை நாம் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தில்தான் கோளாறு. ஒரே நேர்க்கோட்டில் இரண்டு பொருள்கள் மோதுகின்றன. மோதலுக்கு முன் மொத்த உந்தம், பின் மொத்த உந்தம், இரண்டும் சமம். நான்கு வரியில் நிரூபணம் முடிகிறது. புற விசை இல்லாதபோது என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது, ஆனால் யாரும் அதில் நிற்பதில்லை.

இந்த நேர்க்கோட்டு வழக்கத்தைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். மோதும் கணத்தில் விசை எவ்வளவு, எத்தனை நொடி தொட்டுக்கொண்டிருந்தன என்று எதுவும் தெரியாமலே விடை கிடைக்கிறது. விசையை அளக்க வழியில்லாத இடத்தில் உந்தத்தைக் கூட்டிக் கழித்தால் போதும் என்பது இயற்பியலின் பெரிய வரங்களில் ஒன்று. அதைப் பதினைந்து வயதில் கையில் கொடுப்பது சிறிய காரியமல்ல.

எறிதல் சாய்ந்த உடனே சிக்கல் தொடங்குகிறது. திருக்கோஷ்டியூர் சௌமியநாராயணப் பெருமாள் கோயில் தெப்பக்குளத்தில், திருவிழா இல்லாத நாளில், ஒரு சிறு மிதவை அசையாமல் கிடப்பதாகக் கொள்வோம். மிதவையும் அதன்மேல் நிற்கும் ஆளும் சேர்ந்து 200 கிலோ. அவர் 2 கிலோ மூட்டையைக் கரையை நோக்கி, கிடைமட்டத்துக்கு 60 பாகைச் சாய்வில், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசுகிறார். சூத்திரத்தை அப்படியே போடும் மாணவர் 2ஐ 10ஆல் பெருக்கி, 200ஆல் வகுத்து, மிதவை நொடிக்கு 10 சென்டிமீட்டர் பின்னே நகரும் என்பார். விடை தவறு. கிடைத்திசையில் மூட்டைக்கு இருக்கும் வேகம் நொடிக்கு 5 மீட்டர்தான். ஆகவே மிதவை நகர்வது நொடிக்கு 5 சென்டிமீட்டர். சரியாகப் பாதி.

இது அற்பப் பிழையல்ல, வரலாறு உள்ள பிழை. 1644இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தேக்கார்த் உலகின் மொத்த இயக்கம் மாறாது என்று எழுதியபோது, பருமனை வேகத்தால் பெருக்கினார். திசையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் அவருடைய மோதல் விதிகள் பலவும் பொய்த்தன. 1668-69இல் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் என்ற மூன்று அறிஞர்கள் அதைத் திருத்தினார்கள். 1687இல் நியூட்டன் தன் இயக்க விதிகளைத் தொடர்ந்து உந்த அழிவின்மையைச் சொன்னபோது, ஒரே பக்கம் செல்வதைக் கூட்ட வேண்டும், எதிர்ப்பக்கம் செல்வதைக் கழிக்க வேண்டும் என்பதை விதிக்குள்ளேயே வைத்தார். அந்தத் திசைதான் நம் வகுப்பில் கூட்டல் கழித்தல் குறியாகச் சுருங்கிப்போகிறது.

இனி, மேல்நோக்கிய பங்கு. மூட்டை மேலே கொண்டுபோனது சுமார் 17 கிலோகிராம் மீட்டர்/நொடி உந்தம். அதற்கு ஈடாக மிதவை கீழ்நோக்கிப் போய்க்கொண்டே இருந்ததா? இல்லை. வீச்சு 0.2 நொடி நீடித்தால், அந்த நேரத்தில் ஏறக்குறைய 9 கிலோ கூடுதல் சுமை ஏறியதுபோல மிதவை அழுந்தும். தண்ணீர் அதை மேலே தள்ளும். செங்குத்துத் திசையில் புற விசை வந்துவிட்டது. அங்கே மிதவை, ஆள், மூட்டை மூன்றுக்கும் மட்டும் விதியைப் பொருத்தினால் கணக்கு உதைக்கும். குளத்தையும் பூமியையும் சேர்த்துக்கொண்டால் உந்தம் துளியும் குறையாது. கிடைத்திசையிலும் தண்ணீர் இழுக்கத்தான் செய்கிறது; வீச்சு முடியும் அந்தச் சிறு பொழுதில் அதன் பங்கு சொற்பம் என்பதால்தான் விட்டுவிடுகிறோம்.

பீரங்கிக்காரர்களுக்கு இது பழைய செய்தி. ஏறத்தாழக் கிடைமட்டமாகச் சுடும் பீரங்கிக்குச் சக்கரம் இருந்தது, அது பின்னே ஓடியது. உயர்ந்த கோணத்தில் குண்டை ஏற்றும் குட்டையான மோர்ட்டார் பீரங்கியைச் சக்கரமில்லாத கனத்த கட்டையில் உட்கார்த்தினார்கள்; உதையில் பெரும்பகுதி தரையில் இறங்குவதால். வளரி எறிந்தவர் பின்னே போகாததற்கும் இங்கேதான் விடை: காலுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள உராய்வு அவருடைய உந்தத்தைப் பூமிக்குக் கடத்திவிட்டது.

பத்தாம் வகுப்புக்கு இது கனம் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். ஏற்க முடியவில்லை. 60 பாகையின் கொசைன் அரை என்பதை அதே பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தில் படிக்கிறார்கள். முக்கோணவியல் ஒரு பாடவேளையிலும் உந்தம் இன்னொரு பாடவேளையிலும் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துவைக்க ஆளில்லை. பதினோராம் வகுப்பில் வெக்டர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதும் சரியான பதிலல்ல. அறிவியல் பிரிவு எடுக்காத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்போடு இயற்பியல் முடிந்துவிடுகிறது. திசை இல்லாத விதியோடு அவர் வெளியேறுகிறார்.

ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான். விதியைக் கரும்பலகையில் எழுதும் நாளில் அதன் கீழே இரண்டு கேள்விகளையும் எழுதுங்கள்: எந்தத் திசையில்? எந்தெந்தப் பொருள்களைச் சேர்த்து? பிறகு, சாய்வாக எறியும் கணக்கு ஒன்றையாவது பிள்ளைகளே போட விடுங்கள்.