தேரைச் செலுத்தியவர் யார்?

பாவனைப் பந்தயம் ஒன்றினை முன்வைத்துச் சில விமர்சனக் குறிப்புகள்

கலையாயினும் விளையாட்டாயினும் அதன் அடித்தளத்தில் ஒரு பாவனை உண்டு. கூத்தில் மன்னனாக வருபவன் மன்னன் அல்லன் என்பதைக் களரியைச் சுற்றியிருப்போர் அனைவரும் அறிவர். அறிந்தே கண்ணீரும் வடிப்பர். இதனை ஏற்றுக்கொண்டால் அடுத்து எழும் வினா, பாவனை ஒன்றினுள் பொய் என ஒன்று இருக்க முடியுமா என்பதாகும். முழுவதும் பாவனையாக அமைந்த ஓரிடத்தில் ஒருவர் ஏமாற்றிவிட்டார் என நாம் குறை கூறும்போது உண்மையில் எதனைக் குறிப்பிடுகின்றோம்? இவ்வினாவைக் கோட்பாட்டளவில் மாத்திரம் ஆராய்வதிலும் பார்க்க, நிகழ்ச்சி ஒன்றினைக் கொண்டு ஆராய்வது பயன்தரும். 2020ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் திகதி நடைபெற்ற கணினிவழி மோட்டார்ப் பந்தயச் சுற்றொன்று ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

கொவிட் பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் உலகின் பந்தயத் திடல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மின்சாரக் கார்களைக் கொண்டு நடத்தப்படும் ஃபோர்முலா ஈ தொடரும் அவ்வாறே இடைநிறுத்தப்பட்டது. அதன் அமைப்பாளர்கள் ஏப்பிரலிலிருந்து ஜூன் வரை, ஓட்டுநர்கள் தத்தம் வீடுகளில் இருந்தவாறே கணினியில் ஓடும் போட்டித் தொடரொன்றை நடத்தினர். யுனிசெப் நிறுவனத்தின் பணிகளுக்கு உதவுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. போட்டியின் அமைப்பு நாடகத்தன்மை வாய்ந்தது. ஒவ்வொரு வட்டத்தின் முடிவிலும் கடைசியாக வருபவர் நீக்கப்படுவார். பத்துப்பேர் எஞ்சும்வரை இது தொடரும். உண்மைப் பந்தயத்தின் பொறுமையான நகர்வு இங்கு இல்லை. நீக்கம் என்னும் கத்தி ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவரின் தலைமேல் தொங்குவதால், சுவைஞரின் கண் முன்னிலை வகிப்பவரைவிடப் பின்தங்குபவரையே நாடிச் செல்கின்றது. அண்மையில் இத்தொடரின் ஒளிப்பதிவுகளைப் பார்த்தபோது இவ்வமைப்பு கைகூடியுள்ளது என்றே எனக்குத் தோன்றிற்று.

மே 23ஆம் திகதிச் சுற்று பேர்லினின் ரெம்பிள்ஹோஃப் விமான நிலையத் திடலின் கணினிப் பிரதியில் நடைபெற்றது. ஒலிவர் றோலண்ட் முதலாவதாகவும் ஸ்ரொஃபெல் வண்டூர்ன் இரண்டாவதாகவும் வந்தனர். மூன்றாவதாக வந்தவர் அவுடி அணியின் ஜேர்மானிய ஓட்டுநர் டானியல் அப்ட் என அறிவிக்கப்பட்டது. முந்திய சுற்றுக்களில் முன்னணியில் நில்லாதவர் திடீரென இவ்வாறு ஓடியமை சக ஓட்டுநர்களுக்கு ஐயத்தை ஏற்படுத்திற்று. ஒளிபரப்பில் அவருடைய முகமும் கருவியொன்றினால் மறைந்திருந்தது. வண்டூர்ன் தம் ஐயத்தை வெளிப்படையாகவே கூறினார். அமைப்பாளர்கள் இணைய முகவரித் தரவுகளை ஒப்பிட்டு நோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. சுக்கானைப் பிடித்திருந்தவர் அப்ட் அல்லர். லொரென்ஸ் ஹோர்சிங் என்னும் தொழில்முறைக் கணினிப் பந்தயக்காரர். அப்டின் பெறுபேறு நீக்கப்பட்டது. அறப்பணிக்குப் பத்தாயிரம் யூரோ வழங்குமாறும் அவர் பணிக்கப்பட்டார். சில நாள்களில் அவுடி நிறுவனம் அவரை இடைநிறுத்தியது. ஹோர்சிங்கும் கணினி விளையாட்டாளர்களுக்கென நடைபெற்ற துணைப்போட்டியின் எஞ்சிய சுற்றுக்களிலிருந்து விலக்கப்பட்டார்.

கார் இல்லை, வீதி இல்லை, காற்று இல்லை, ஆபத்து இல்லை. இத்தனையும் இல்லாத இடத்தில் ஓட்டுநரும் இல்லாது போனமை மாத்திரம் ஏன் குற்றமாயிற்று? இவ்விடத்தில் எமது கூத்து மரபு எமக்கு உதவுகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களில் பேராதனையில் கூத்தினை நவீன மேடைக்கேற்பச் சுருக்கி அமைத்தபோது, விடியவிடிய ஆடப்பட்டது சில மணிநேர நிகழ்வாயிற்று, களரி மேடையாயிற்று. எனினும் கூத்து கூத்தாகவே நின்றது. காரணம், அதன் உயிர் நேரத்திலோ இடத்திலோ தங்கியிருக்கவில்லை. 'கர்ணன் போர்' கூத்தில் மேடையில் தேர் இல்லை. மத்தளத்தின் தாளக்கட்டும் ஆடுபவனின் கால்களுமே தேரைத் தோற்றுவிக்கின்றன. தேர் பொய், கால்கள் மெய். அந்தக் கால்களும் பொய்யாயின் அங்கு எஞ்சுவது யாதுமில்லை. ஆகவே பாவனைக் கலை எதுவும் பலவற்றை நீக்கிவிட்டு ஒன்றினை மாத்திரம் மெய்யாக வைத்துக்கொள்கின்றது எனலாம். கணினிப் பந்தயம் அவ்வாறு வைத்துக்கொண்ட ஒன்று, ஓட்டுபவரின் கை.

பதிலீடு என்பது தன்னளவில் குற்றமன்று. இதனைக் குடாநாட்டு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலைக் கொண்டு இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊரும் இதுவே. ஆனால் மண்ணெண்ணெயை எவரும் பெற்றோல் எனப் பெயர்மாற்றிச் சொல்லவில்லை. அதன் புகையும் நாற்றமும் உண்மையைச் சொல்லிக்கொண்டே சென்றன. எமது பேச்சு வழக்கில் 'பாவனை' என்னும் சொல் நடிப்பை மாத்திரமன்றி உபயோகத்தையும் குறிப்பது கவனத்திற்குரியது. மாட்டுவண்டில் சவாரியை நோக்கினும் இதுவே தெளிவாகும். மாடுகளின் சொந்தக்காரர் ஒருவராகவும் வண்டிலைச் செலுத்துபவர் இன்னொருவராகவும் இருப்பதுண்டு. பரிசு ஒருவர் பெயரில் அறிவிக்கப்பட, நாணயக்கயிறு மற்றவர் கையில் இருக்கலாம். எனினும் திடலோரத்தில் நிற்கும் சிறுவனுக்கும் அது யாருடைய கை என்பது தெரியும். பெயரும் கையும் வேறுபடுவதில் வஞ்சனை இல்லை. வேறுபாட்டை மறைப்பதிலேயே வஞ்சனை தொடங்குகின்றது. இதனை உடன்பட்ட பாவனை, மறைத்த பாவனை என இருவகைப்படுத்தலாம்.

தொல்காப்பியரின் மெய்ப்பாட்டுக் கோட்பாடும் இங்கு பொருத்திப் பார்க்கத்தக்கது. பெருமிதம் தோன்றுவதற்குக் கற்றறிவு, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கினை அவர் நிலைக்களன்களாகக் கொள்வர். உண்மைப் பந்தயத்தில் அஞ்சாமையே முதலிடம் பெறுகின்றது. சாவின் அருகே செல்லும் வேகமே சுவைஞரை ஈர்க்கின்றது. கணினிப் பந்தயத்தில் அது முற்றாக நீங்கிவிடுகின்றது. மோதுண்டாலும் நாற்காலியில் இருப்பவருக்குக் காயமில்லை. கொடை அறப்பணி வாயிலாக அமைகின்றது. எஞ்சுவன கற்றறிவும் புகழுமே. கற்றறிவு என்பது இங்கு கையின் பயிற்சி. பேர்லின் சுற்றில் பயிற்சி ஹோர்சிங்கினுடையதாகவும் புகழ் அப்டினுடையதாகவும் பிரிந்தன. பெருமிதத்தின் நிலைக்களன்கள் இரு வேறு மனிதரிடத்துப் பிரிந்து நிற்கும்போது பெருமிதம் யாரிடத்தும் தோன்ற இயலாது. இரண்டாம் இடத்தில் வந்த வண்டூர்னின் வினா வெறும் பொறாமையன்று. தாம் யாருடன் போட்டியிட்டோம் என்பதை அறியும் உரிமை அது.

இந்நிகழ்ச்சி எமக்குப் புதிதுமன்று. விராட நாட்டிலே உத்தரன் போருக்குச் சென்றான்; போர் செய்தவனோ பேடி வடிவில் தேரோட்டச் சென்ற அருச்சுனன். மகன் வென்றான் என விராடன் மகிழ்ந்தபோது, வென்றவள் பிருகந்நளையே எனக் கூறிய தருமனின் முகத்தில் சூதாடு காய் எறியப்பட்டுக் குருதி வடிந்தது. ஆனால் அவைக்கு வந்த உத்தரன் அவ்வெற்றி தனதன்று என உடனே கூறிவிடுகின்றான். அவன் சிறுமையிலிருந்து தப்பும் இடம் அதுவே. நளன் கதையிலும் வாகுகன் என்னும் பெயரில் இருதுபன்னனின் தேரைச் செலுத்தி வந்தவனைத் தமயந்தி ஐயுற்று அறிகின்றாள். தேர் வந்த விதம் அவளுக்குச் செய்தி கூறிற்று. முகமும் பெயரும் மாறினும் கை தன்னை மறைக்க மாட்டாது என்பதே அக்கதை கூறும் உண்மை. வண்டூர்னும் ஏனையோரும் ஐயுற்றதும் இதே முறையிலாகும். இணைய முகவரி பின்னர் உறுதிப்படுத்தியதை ஓட்டம் முன்னரே கூறிவிட்டது.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றினையும் நேர்மையாக எடுத்து நோக்குதல் வேண்டும். தாம் இதனை ஒரு வேடிக்கையாகவே திட்டமிட்டதாகவும், கணினிப் பந்தயக்காரர் ஒருவர் உண்மை ஓட்டுநர்களிடையே எவ்வாறு ஓடுவார் எனக் காட்டி அதனைப் பின்னர் வெளியிட எண்ணியதாகவும் அப்ட் விளக்கம் கூறினார். இவ்விளக்கத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் இத்தொடரிலே புகழ்பெற்ற ஓட்டுநர்களுக்கு ஒரு போட்டியும் கணினி விளையாட்டாளர்களுக்கு வேறொரு போட்டியும் என இரு பந்திகள் வைக்கப்பட்டிருந்தன. கார் என்னும் செல்வம் நீங்கிய இடத்தில் எல்லோரும் சமம் எனத் தோன்றினும், புகழ் என்னும் செல்வம் பந்தியைப் பிரித்தே வைத்தது. பெயரற்ற ஒருவர் பெயர்பெற்றோரின் பந்தியில் அமர்ந்து மூன்றாம் இடத்தைப் பெற்றமை அப்பிரிவினையின் பொருத்தமின்மையைத் தெளிவாகக் காட்டிற்று. அவ்வகையில் மறைத்த பாவனை, உடன்பட்ட பாவனை கூறத் தயங்கிய உண்மையொன்றைக் கூறிவிட்டது. ஆயினும் அவ்வுண்மையை வெளிப்படையாகக் கூறத் தடை யாதும் இருக்கவில்லை. ஹோர்சிங்கின் பெயரைத் திரையில் இட்டு அவரை ஓடவிட்டிருப்பின் அது விமர்சனம் ஆகியிருக்கும். அப்டின் பெயரில் ஓடவிட்டமையால் அது உழைத்தவரின் பெயரை மறைத்த செயலாயிற்று. நெல்லை விளைவித்தவன் ஒருவனாகவும் களஞ்சியத்தில் எழுதப்படும் பெயர் இன்னொன்றாகவும் இருந்த பழைய வரலாறே இங்கு புதிய கருவிகளுடன் நிகழ்ந்தது.

தண்டனையைப் பொறுத்தவரை, பெறுபேற்றினை நீக்கியமை முறையானது. ஆட்டத்தின் விதியை மீறியவரை ஆட்டத்திலிருந்து விலக்குதல் ஆட்டத்திற்குள் அடங்கும் நீதி. பாவனைத் திடலில் செய்த தவறுக்காக உண்மைத் தொழிலிலிருந்து ஒருவரை இடைநிறுத்தியமை வேறு வகையானது. நிறுவனத்தைப் பொறுத்தவரை வீட்டு அறையில் நடந்த அவ்விளையாட்டு விளையாட்டாக இருக்கவில்லை, விளம்பரமாக இருந்தது என்பதையே அது புலப்படுத்துகின்றது. பொழுதுபோக்கு எனப் பார்வையாளருக்கும், கடமை எனத் தொழிலாளிக்கும் ஒரே பொருளை இரு பெயரில் வழங்குவதும் ஒருவகையில் மறைத்த பாவனையே.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்தையும் மறைப்பது முறையன்று. பெருந்தொற்றுக் காலத்தில் நான் உயர்தர மாணவன். வகுப்புக்கள் கைபேசியில் நடைபெற்றன. என் நண்பன் ஒருவன் அந்நாள்களில் தகப்பனுடன் மேசன் வேலைக்குச் சென்றான். வீட்டில் வேறு வருமானம் இல்லை. அவனுடைய பெயரில் நானே இன்னொரு கைபேசியிலிருந்து வகுப்பில் இணைந்தேன். பல வாரங்கள் அவனது பெயர் திரையில் இருந்தது, வரவும் பதியப்பட்டது. நட்பின் பொருட்டுச் செய்த உதவி என்றே அன்று எண்ணினேன். ஆனால் அவன் இல்லை என்பது தெரிந்திருந்தால் ஆசிரியர் விசாரித்திருப்பார். எவராவது அவ்வீட்டுப் படலையைத் திறந்து சென்றிருப்பர். அவன் "சமுகமளித்தான்" என்பதால் ஒருவரும் செல்லவில்லை. நான் மறைத்தது அவனது இன்மையை மட்டுமன்று, அவனது இல்லாமையையும் என்பதைப் பிந்தியே உணர்ந்தேன். அவன் பரீட்சை எழுதவில்லை.

மறைத்த பாவனையின் தீங்கு யாதென இப்பொழுது கூறலாம். அது பரிசொன்றைத் திருடுகின்றது என்பது சிறு தீங்கு. உள்ள மனிதரை இல்லாதவராகவும் இல்லாத மனிதரை உள்ளவராகவும் காட்டி, இருவர் பற்றியும் நாம் அறிய வேண்டியதை அறியவிடாது தடுப்பதே பெருந்தீங்கு. பேர்லினில் ஹோர்சிங்கின் திறமை மறைந்தது. எங்கள் வகுப்பில் ஒரு வீட்டின் வறுமை மறைந்தது. விரிவுரைகளும் பரீட்சைகளும் இயந்திரங்களின் துணையுடன் எழுதப்படும் கட்டுரைகளும் திரையினூடே எம்மை வந்தடையும் இக்காலத்தில், பெயருக்குப் பின்னால் யாருடைய கை உள்ளது என்னும் வினா பந்தயத்துக்கு மாத்திரம் உரியதன்று.

2018ஆம் ஆண்டு இதே ரெம்பிள்ஹோஃப் திடலில் உண்மைக் காரில் வெற்றி பெற்றவர் அப்ட். 2020 ஓகஸ்ட்டில் தொடர் மீண்டும் அங்கு தொடங்கியபோது அவர் வேறோர் அணியின் காரில் ஓடினார். தலைக்கவசம் அங்கும் முகத்தை மறைக்கவே செய்தது. ஆனால் பந்தயக் காரின் இருக்கை அதனை ஓட்டுபவரின் உடலுக்கேற்ப வார்க்கப்படுவது. அதில் இன்னொருவர் எளிதில் அமர்ந்துவிட முடியாது. பாவனைத் திடல்களுக்கு அத்தகைய இருக்கை இல்லை. அங்கு அந்த இருக்கையின் இடத்தை நிரப்ப வேண்டியது ஆடுபவரின் நேர்மையே எனக் கூறி இக்கட்டுரையை நிறைவு செய்யலாம்.