சீட்டில் இரண்டாவது மருந்து

வடிகஞ்சி காலில் கொட்டிய பெண்ணுக்கும், புஸ்வாணம் கையில் சீறிய பையனுக்கும் மானாம்பதி போன்ற சிற்றூர்களில் எழுதப்படும் சீட்டு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதல் வரியில் செஃபிக்சிமோ அமாக்சிசிலினோ ஓர் ஆன்டிபயாடிக். இரண்டாவது வரியில், “வயிறு கெடாம இருக்க இதையும் சேர்த்துப் போடுங்க” என்று மருந்துக் கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துத் தரும் லாக்டிக் ஆசிட் பேசில்லஸ். இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்து விற்கும் கம்பெனிகளும் உண்டு. முதல் மருந்து அழிப்பதை இரண்டாவது ஈடுகட்டிவிடும் என்பது கணக்கு. தீக்காயத்தைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் பிசகுகிறது. முதல் மருந்து அந்த நேரத்தில் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டாவதால் அதை ஈடுகட்டவும் முடியாது.

உடம்பின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்துபோனால் காயம் தோலோடு நிற்பதில்லை. மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற உடம்பு குடலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிக்கொள்கிறது. குடல் சுவர் தளர்கிறது. உள்ளே இருக்க வேண்டிய கிருமிகளும் அவற்றின் நச்சும் ரத்தத்தில் கசிகின்றன. குடலில் குடியிருக்கும் கிருமிகளின் விகிதமும் மாறிப்போகிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா சேர்ந்த குடும்பம் தீக்காயத்துக்குப் பின் பெருகுவதை 2015-ல் சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகக் குழு எலிகளிலும் சில நோயாளிகளிலும் கண்டது. இந்த நிலையில் ஏற்றும் ஆன்டிபயாடிக் எங்கே போகிறது? வெந்து செத்த தோலில் ரத்தக் குழாயே இல்லை. அங்கே மருந்து சரியாகப் போய்ச் சேராது. குடலுக்கு மட்டும் தவறாமல் போகிறது. நல்ல கிருமிகள் மடிய, மருந்துக்கு மசியாதவை அந்த இடத்தைப் பிடிக்கின்றன. தமிழ்நாட்டுக்கு இது வெறும் ஏட்டுப் பயமல்ல. வலுவான ஆன்டிபயாடிக்குகளையும் கிருமிகள் எதிர்க்க வைக்கும் என்.டி.எம்-1 மரபணு பரவியதைச் சொன்ன 2010 ஆய்வில் சென்னை நோயாளிகளின் கிருமிகளும் இருந்தன. 2012-ல் இந்த எதிர்ப்பைக் கட்டுப்படுத்தக் கோரும் ‘சென்னைப் பிரகடனம்’ வந்தது. 2014 மார்ச் முதல் எச்1 பட்டியல் மருந்துகளுக்குக் கடைகள் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்றானது. செஃபிக்சிம் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அமாக்சிசிலின் இல்லை.

எதிர்வாதம் பலவீனமானதல்ல. முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்தால் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதாக 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அது திரட்டிய சோதனைகளின் தரம் குறைவு என்பதை ஆசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள். அதைவிடக் கனமானது ஸ்பெயினின் கெடாஃபே மருத்துவமனையில் நடந்து 2005-ல் வெளியான சோதனை. 107 நோயாளிகள்; குடலுக்குள்ளேயே தங்கும் ஆன்டிபயாடிக்கைக் குழாய் வழியேயும், முதல் சில நாள் செஃபோடாக்சிமை ஊசி வழியேயும் கொடுத்ததில் தீவிர சிகிச்சைப் பிரிவு இறப்பு 27.8 சதவீதத்திலிருந்து 9.4-ஆக இறங்கியது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அங்கே தந்த மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின், நம் மருத்துவமனைகளில் வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கையில் எடுப்பது. அதைக் காப்பாற்றத்தான் கோழித் தீவனத்தில் கலப்பதை 2019-ல் இந்திய அரசு தடை செய்தது. எதிர்ப்புக் கிருமி மலிந்த வார்டில் அதைத் தினசரி மருந்தாக்கினால் கெடாஃபேயின் பலன் கிடைக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. எப்படியிருந்தாலும் ஐந்து நாள் செஃபிக்சிமுக்கு அந்தச் சோதனை சாட்சியாகாது.

சீட்டின் இரண்டாவது மருந்தான புரோபயாடிக்குக்கு, அதாவது உயிரோடு தரும் நல்ல கிருமிகளுக்கு, ஆதரவாகப் பேசுவோர் ஒடிசாவைக் காட்டலாம். அங்கே கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த சோதனையில் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் ரத்தத் தொற்றையும் இறப்பையும் சேர்த்து 9 சதவீதத்திலிருந்து 5.4-ஆகக் குறைத்தது (நேச்சர், 2017). அருமையான முடிவுதான். ஆனால் அவை ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைகள். குடல் சுவர் தளர்ந்தவர்கள் அல்ல. தீக்காயத்துக்கு நெருங்கிய உறவு நெதர்லாந்துச் சோதனைக்குத்தான். கணையம் கடுமையாக அழன்றவர்களுக்குப் புரோபயாடிக் கொடுத்தபோது 16 சதவீதம் பேர் இறந்தார்கள். வெறும் மாவு வாங்கியவர்களில் 6 சதவீதம் (லான்செட், 2008). புரோபயாடிக் பெற்றவர்களில் ஒன்பது பேருக்குக் குடலில் ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. கொடுத்த கிருமியே நோயாளியின் ரத்தத்தில் வளர்ந்த நிகழ்வுகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பதிவாகியுள்ளன. தீக்காயத்திலேயே நடந்த சோதனைகள் சிறியவை. ஒரு முடிவுக்கு வரப் போதாதவை. மோரும் பழைய சோறும் போதுமே என்பவர்களுக்கும் இதுவே பதில்: சிறு காயத்தோடு வீட்டில் இருப்பவர் தாராளமாகச் சாப்பிடலாம், பாதி உடம்பு வெந்தவருக்கு, எண்ணிக்கையும் இனமும் தெரியாத உயிருள்ள கிருமிகளைக் கொடுப்பது வேறு காரியம்.

அப்படியானால் குடலைக் காப்பது எது? பெரும்பகுதி, ரத்தக் குழாயில் ஏற்றும் திரவம். ஐம்பது கிலோ எடையும் நாற்பது சதவீதக் காயமும் உள்ளவருக்குப் பார்க்லேண்ட் கணக்கின்படி முதல் நாளில் எட்டு லிட்டர் ரிங்கர் லாக்டேட் வேண்டும். அதில் நான்கு லிட்டர் முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். நேரம் எண்ணுவது தீப்பட்ட நொடியிலிருந்து, வார்டில் சேர்ந்ததிலிருந்து அல்ல. செங்கல்பட்டு மருத்துவமனைக்கோ சென்னை கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவுக்கோ 108 வண்டியில் போய்ச் சேரும்வரை அந்தப் பாட்டில் தொங்காவிட்டால், குடல் வழியிலேயே வாடிவிடும். அதனால் வழியில் முதலில் வரும் உத்திரமேரூரில் மாட்டும் ஊசிக் குழாய்க்கு, சென்னையில் எழுதும் எந்தக் காப்ஸ்யூலையும்விட மதிப்பு அதிகம். அடுத்தது உணவு: முதல் நாளிலேயே மூக்குக் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக. பட்டினி கிடக்கும் குடலின் சுவர் மெலிகிறது. மூன்றாவது, செத்த தோலைச் சீக்கிரம் வெட்டி எடுத்துத் தோல் ஒட்டுவது. 1970-ல் ஸ்லோவேனியாவின் சோரா யான்செகோவிச் காட்டிய வழி. ஆன்டிபயாடிக் இவற்றுக்குப் பிறகு, காய்ச்சலும் கல்ச்சர் பரிசோதனையும் தொற்று என்று சொல்லும்போது, அந்தக் கிருமிக்குரியதாக.

சிறு காயத்தில் கிராமத்து மருத்துவருக்கு வேறொரு பயம் உண்டு, அது நியாயமானதும்கூட. இன்று மாத்திரை இல்லாமல் அனுப்பினால் இந்தப் பெண் நாளை மறுநாள் கட்டுப் பிரிக்க வருவாளா? பஸ்ஸுக்குக் காத்திருந்து, அரைநாள் கூலியை விட்டு வர வேண்டும். மாத்திரை எழுதுவது பல சமயம் அந்த வராத நாளுக்கான காப்பீடு. ஆகவே மருத்துவரை மட்டும் கடிந்து பயனில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகிறது. அதேபோல் தீக்காயத்துக்கும் கிராம சுகாதார செவிலியர் மூன்றாம் நாள் ஒருமுறை போய்க் கட்டைப் பிரித்து, சிவப்பு பரவுகிறதா, நாற்றம் வருகிறதா என்று பார்த்துவிட்டால், சீட்டின் முதல் வரிக்கே அவசியம் இராது. இரண்டாவது வரியைப் பற்றிப் பேச்சே எழாது.