பாராங்கின் கனம்

மலேசியக் காட்டில் கூடாரம் போடப் போகிறவர் பாராங் கத்தியை மணிக்கட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கனமெல்லாம் முனைப்பக்கம். லேசாக வீசினாலே அலகு தானாக இறங்கி, ஈர மூங்கிலில் ‘சதக்’கென்று பதியும். ஒரே அலகில் கொல்லர் பல வேலைக்கு இடம் வைத்திருப்பார்: பிளக்க நடுவில் தடித்த வாய், ஆப்பு சீவப் பிடியருகே மெல்லிய வாய். அந்த நிதானமான சரிவை விரல் நுனியால் தடவிப் பார்ப்பதே ஒரு சுகம். வளைந்த மரப்பிடி, வியர்த்த கையிலும் நழுவாது. பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

அலகின் கரி எஃகைச் சீக்கிரம் தீட்டிவிடலாம், அதில் சீக்கிரம் துருவும் பிடிக்கும். மழை இரவுக்கு மறுநாள் காலை, துணியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் செம்மண் நிறம் கரைந்து நீலச் சாம்பல் மெல்ல மேலெழும்.