பக்கம் மாறினால் குறி ஏன் மாறணும்?

தாம்பரத்தில் எங்கள் அடுக்ககத்துப் பையன் ஒருவன், 3எக்ஸ் = 12 என்ற சமன்பாட்டுக்கு எக்ஸ் = 9 என்று எழுதியிருந்தான். எப்படிடா என்றேன். "பக்கம் மாறினா குறி மாறும்ல அங்கிள்? பன்னெண்டுல மூணு போச்சுன்னா ஒன்பது."

அந்த விதி பொய் இல்லை. கூட்டல், கழித்தலுக்கு நல்ல குறுக்குவழிதான். ஆனா சமக்குறியைத் தாண்டியதும் எண் தானாக வேஷம் மாற்றிக்கொள்ளும் என்று பிள்ளைகளை நம்ப வைக்கிறது. உண்மையில் எண் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம். குறி மாறுவது அதன் விளைவு மட்டுமே.

12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் எழுதிய பீஜகணிதத்தில் ஒரு கணக்கு: ஒருவரிடம் 300 ரூபமும் 6 குதிரைகளும் இருக்கின்றன. இன்னொருவரிடம் அதே விலையுள்ள 10 குதிரைகள், ஆனால் 100 ரூபம் கடன். இருவர் சொத்தும் சமம். குதிரை விலை என்ன? தெரியாத எண்ணுக்கு அவர் வைத்த பெயர் 'யாவத்-தாவத்', அதாவது எவ்வளவோ அவ்வளவு. நம் குறியீட்டில்:

6யா + 300 = 10யா − 100

இருவருக்கும் ஆளுக்கு 100 கொடுங்கள். ஒருவர் கடன் தீர்ந்தது, மற்றவரிடம் 400 ஆனது. மைனஸ் 100 'அந்தப் பக்கம் போய் பிளஸ் ஆன' ரகசியம் இவ்வளவுதான். பிறகு இருவரிடமும் 6 குதிரைகளை எடுத்துவிட்டால், 4 குதிரைகளின் விலை 400. ஒரு குதிரை 100.

பழசுதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஆரியபட்டரே 499 வாக்கில் இதைச் சூத்திரமாகச் சுருக்கிவிட்டார்: பண வித்தியாசத்தைப் பொருள் வித்தியாசத்தால் வகு. ஆனால் 'இருவர் சொத்தும் சமமாக இருந்தால்' என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார். நம் விதி தொலைத்தது அதைத்தான்.

குதிரை வேண்டாமென்றால் ஆட்டோ. 2013-ல் அரசு சென்னைக்கு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12. (அந்த ரேட்டுக்கு யார் வர்றாங்க என்பது வேறு கதை.) மீட்டரில் 85 என்றால் எவ்வளவு தூரம்? 25-ஐக் கழித்தால் 60. 12-ஆல் வகுத்தால் 5. 1.8-ஐக் கூட்டினால் 6.8 கி.மீ. கூட்டியதைக் கழித்தோம், பெருக்கியதை வகுத்தோம். பையன் தவறவிட்ட இடம் இதுதான்.

அவனிடம் கேட்டேன்: "மூணு பேனா பன்னெண்டு ரூபா. ஒண்ணு எவ்ளோ?"

யோசிக்காமல் சொன்னான், "நாலு."

கணக்கு அவனுக்குத் தெரியும். விதிதான் குறுக்கே நிற்கிறது.