மைக்கோடு இல்லாத பாம்பு

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் எலி தேடி வயலோரக் கொட்டகைகளில் நுழையும் கார்ன் ஸ்னேக்கைப் பார்த்தவர்கள் அதன் சிவப்பைத்தான் புகழ்வார்கள். எனக்குக் கறுப்புதான் பெரிது. ஆரஞ்சு உடம்பில் முதுகு நெடுகச் செந்திட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மைக்கோடு. சிவப்புக்கு அனல் தருவதே அந்தக் கோடுதான். தென் கரோலினாவின் ஓக்கீட்டி வட்டாரப் பாம்புகளில் அது நன்றாகத் தடித்திருக்கும். வளர்ப்பவர்களிடம் அவற்றுக்குத் தனி மவுசு. வயிற்றிலோ வெள்ளையும் கறுப்புமாகக் கட்டங்கள், பலநிற மக்காச்சோளக் கதிரின் மணிகளைப் போல.

விஷமுள்ள காப்பர்ஹெட் என்று நினைத்து இந்தச் சாதுவை அடித்துவிடுவதும் உண்டு. திட்டின் வடிவத்தைப் பார்த்தால் போதும். காப்பர்ஹெட்டின் திட்டு நடுமுதுகில் ஒடுங்கி விலாவில் விரியும். இதற்கு முதுகில்தான் அகலம். கண்பாவையும் இதற்கு வட்டம், அதற்குச் செங்குத்துக் கீற்று.

இனி வளர்ப்பு நிறங்கள். கறுப்பு நிறமி உண்டாகாத பாம்பு 'அமெல்'. ஓசிஏ2 என்ற மரபணுவுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்ததே காரணம் என்று ஜெனீவா ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். கண்பாவை வரை சிவந்த அந்தப் பாம்பில் மைக்கோடு தொலைந்துபோவதில்லை. அதே இடத்தில், அதே வளைவில், வெள்ளைக் கோடாக நிற்கிறது! கோடு தடித்த அமெல்லுக்கு 'ரிவர்ஸ் ஓக்கீட்டி' என்று பெயர். வளர்ப்பு நிறங்களில் என் ஓட்டு இதற்கே.

சிவப்பு போனது 'அனெரி': சாம்பலும் கறுப்பும் மட்டும், வயதேறினால் கழுத்தோரம் கொஞ்சம் மஞ்சள். இரண்டு குறையும் சேர்ந்தால் 'ஸ்னோ'. வெளியே இயல்பாகத் தெரிந்தாலும் இரண்டு மரபணுவையும் சுமக்கும் ஜோடியை இணைத்தால், கணக்குப்படி 16 குட்டிக்கு ஒன்று. இளஞ்சிவப்பு கலந்த வெண்மையில் திட்டுகள் மங்கலாகத் தெரியும். அழகுதான், ஆனாலும் உப்புக் குறைந்த அழகு.

நிபுணர்களே தடுமாறுவது குட்டிகளிடம். முட்டையிலிருந்து வெளிவந்த புதிதில் சாதாரணக் குட்டிக்கும் ஆரஞ்சு ஏறியிருக்காது; அனெரிக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சாம்பல்தான். அனுபவசாலிகள் கழுத்தின் முதல் சில திட்டுகளுக்கு இடையே பார்ப்பார்கள். அங்கே துளி ஆரஞ்சு தெரிந்தால் அது சாதாரணக் குட்டி.